நான்கு மஞ்சள் பலகைகள்

சாயம் காயாத பலகையில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பிசுபிசுப்பு தெரியும். காலை எடுக்கும்போது தரை விடமாட்டேன் என்று உள்ளங்காலைப் பிடித்து இழுக்கும். விட்டதும் ‘சப்’ என்று ஒரு சத்தம் வரும். அடுத்த அடிக்கு அடுத்த ‘சப்’. அதோடு சுண்டக் காய்ச்சிய தேயிலையும் மண்ணெண்ணெயும் லாரியிலிருந்து வடித்த கழிவு ஆயிலும் கலந்த ஒரு வாடை. எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் முழுவதும், சாந்தன்பாறைக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்து வீட்டில், நாங்கள் அந்தச் சத்தத்தோடும் அந்த வாடையோடும்தான் சோறு தின்றோம். இளமைக்காலம் என்றதும் மற்றவர்களுக்கு மாங்காயும் ஊஞ்சலும் ஞாபகத்துக்கு வருகிறதாம். எனக்கு நான்கு பலகைகள்தான் வருகின்றன, கூடவே இந்த வயதிலும் அடங்காத ஆத்திரமும் வருகிறது.

எங்கள் ஊர் மீனாட்சிபுரம். கேரளத்தில் இருந்தாலும் பேச்சு, சாப்பாடு, கல்யாணம் எல்லாம் கோயமுத்தூரைப் பார்த்துத்தான். அப்பா தன் அண்ணன்மாரோடு மனக்கசப்பாகி, இனி என் பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மலையேறிப் போய் ஒரு சின்ன ஏலத்தோட்டத்தைப் பிடித்தார். தோட்டத்தோடு ஒரு பழைய மரவீடும் வந்தது. அம்மாவையும் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனபோது, அம்மாவைப் பெற்ற அப்பிச்சிக்கு அது அறவே பிடிக்கவில்லை. கட்டுத்தரையையும் கறவை மாட்டையும் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்தேனே ஒழிய, காட்டைப் பார்த்துக் கொடுக்கவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மலைவீடு சரிப்படாது என்று தெரிந்த அன்றைக்கே மகளையும் பேரன் பேத்தியையும் கீழே கூட்டி வந்துவிடுவேன் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார். சொன்னால் செய்கிற மனிதர்.

எனக்கோ மலையை விட்டு இறங்குவதென்றால் உயிரே போய்விடும் போலிருந்தது. ஊரில் இருந்தவரை அப்பா என்பவர் பெரியப்பாமாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற பல ஆண்களில் ஒருவர். அவர் என்னோடு பேசியதாகவே நினைவில்லை. மலைக்கு வந்தபிறகுதான் எனக்கு அப்பா என்று ஒருவர் கிடைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஏலச்செடிகளுக்கு நடுவே என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு போவார், அட்டை கடிக்காமல் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிவிடுவார், தப்பும் தவறுமாகச் சடைகூடப் பின்னிவிடுவார். அம்மாவுக்கும் தனக்கென்று ஓர் அடுப்பு, தன் இஷ்டத்துக்கு ஒரு குழம்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் அவள் சமைத்தாள்.

வீட்டுக்குத் தரை முழுக்கப் பலாப் பலகை. சரிவில் கல்தூண் நட்டு, அதன்மேல் உத்திரம் ஓட்டி, அதன்மேல் பலகை அடித்த வீடு. பலகைக்கு அடியில் விறகும் கோழிகளும். நாங்கள் போனபோதே பலகைகள் காலத்தில் ஏறிய கரும்பழுப்பில் இருந்தன. இங்கேதான் அம்மா ஒரு காரியம் செய்தாள். மீனாட்சிபுரத்துக்காரியைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை விடிந்தால் எங்கள் ஊரில் வீட்டுத் தரைக்குச் சாணி போட்டு ‘வழிக்கணும்’. மண்தரைக்கு அது பாந்தமாக இருக்கும், வெயிலில் ஒரு நாழிகையில் உலர்ந்துவிடும். அம்மாவுக்குத் தரை என்றால் தரைதான். அது மண்ணா மரமா என்றெல்லாம் பார்க்கிற வழக்கமில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மாடு வைத்திருந்தவர்களிடம் சாணி வாங்கி வந்து, வெள்ளி தவறாமல் பலகையை வழித்தாள். அந்த மலையில் வெயில் ஏது? அங்குள்ளவர்கள் ‘கோட’ என்று சொல்லும் மூட்டம் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். போட்ட சாணி ஈரம் உலராமல், பலகை இடுக்கில் இறங்கி, உள்ளே நின்று ஊறியது.

இரண்டாம் வருஷத்து மழையில், ஓட்டு ஒழுக்கும் சேர்ந்து விழுந்த ஒரு மூலையில், பலகை ‘இத்துப் போச்சு’. ஒரு நாள் மத்தியானம் தம்பி அங்கே குதித்து விளையாடியபோது பலகை மளுக்கென்று விட்டு, அவன் கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. கீழே கோழிகள் அலறியடித்துக்கொண்டு பறந்தன. முழங்காலுக்குக் கீழே நீளமாகக் கிழித்துவிட்டது. தேவிகுளத்துக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டுக் கொண்டுவந்தார்கள். நாலு வயதுப் பையன், வலியைவிடக் கோழிகள் கொத்திவிடும் என்றுதான் அதிகம் அழுதான்.

அப்பா உடனே ஆசாரியை வரவழைத்தார். ஆசாரி தரை முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, மற்றதெல்லாம் கல் மாதிரி இருக்கிறது, இந்த மூலையில் நாலு பலகைதான் போனது என்று சொல்லி, தோட்டத்திலேயே வெட்டிப் போட்டிருந்த பலாமரத்தை அறுத்து, நான்கு புதுப்பலகையை இறுக்கமாகப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். அம்மா அன்றைக்கே சாணிச்சட்டியைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டாள். வீடு முன்னைவிடப் பலமாக இருந்தது.

கெடுத்தது அப்பாவின் வாய். பலகை போட்ட பத்துப் பதினைந்து நாளில் ஊரில் ஒரு கல்யாணம் வந்தது. அப்பா மட்டும் போனார். தம்பிக்கு அடிபட்ட செய்தி, ஏலக்காய் வாங்க வருகிற யாரோ சொல்லி, அவருக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அப்பிச்சி பந்தியில் வைத்துக் கேட்டிருக்கிறார். அண்ணன்மார் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பலகையெல்லாம் ஒன்றும் உடையவில்லை, பையன் படியில் தடுக்கி விழுந்தான், என் வீட்டில் ஒரு பலகைகூட மாற்றியதில்லை என்று அடித்துப் பேசியிருக்கிறார். சரி, மழை விடட்டும், நானே வந்து பார்க்கிறேன் என்று அப்பிச்சி சொல்லிவிட்டார். அப்பா திரும்பி வந்து வாசலில் குடையை மடக்கும்போதே முகம் செத்திருந்தது. உள்ளே வந்தவர் நேராக மூலையைத்தான் பார்த்தார்.

அறுத்த புதுப் பலாப்பலகையைப் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சளென்றால் அப்படி ஒரு மஞ்சள். குங்குமப்பூப் போட்ட பாயசத்தைத் தரையில் கொட்டி வைத்ததுபோல, அந்தக் கரும்பழுப்புத் தரையின் மூலையில் நான்கு பலகைகளும் பளீரென்று இருந்தன. விளக்கே ஏற்றாமல் அவை மட்டும் தெரியும். ஆசாரியைக் கேட்டால், பலா தானாகவே கறுக்கும், நாலைந்து வருஷம் பொறுங்கள் என்றார். அப்பாவுக்கு மழை விடுகிற வரைக்கும்தான் காலம் இருந்தது.

முதலில் தேயிலைத் தூள். அண்டாவில் போட்டுச் சுண்டக் காய்ச்சி, பழந்துணியால் தொட்டுத் தொட்டு அப்பா தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அப்படியே பழைய பலகையின் நிறம்! நாங்கள் எல்லோரும் கைகொட்டினோம். ஈரத்தில் எந்த மரமும் கறுப்பாகத்தான் தெரியும் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், கொஞ்சம் அழுக்கான மஞ்சள். இன்னொரு தடவை காய்ச்சினார். இன்னும் கொஞ்சம் அழுக்கான மஞ்சள். அந்த மழையில் எங்களுக்குக் குடிக்க டீ இல்லை; வீட்டிலிருந்த தூளையெல்லாம் தரை குடித்துவிட்டது.

அப்புறம் யாரோ சொல்லி, காவிக்கல்லை இழைத்து ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசினார். அது கோயில் மதில் மாதிரி சிவந்து நின்றது. போதாக்குறைக்குத் தம்பி கட்டுப்போட்ட காலோடு அதன்மேல் ஏறி, வீடு பூராவும் ஒற்றைக்கால் அடையாளம் வைத்தான். பாயில் காவி, தலையணையில் காவி, சோற்றுச் சட்டியின் மூடியில்கூடக் காவி. அப்பா உடைந்த கண்ணாடிச் சில்லை வைத்துச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தார். அடியிலிருந்து மறுபடியும் அதே மஞ்சள் எட்டிப் பார்த்தது. எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது என்றே எனக்குத் தோன்றியது, அந்தப் பலகையை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன்.

பிறகு துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த மோரில் ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீரோடு கலந்து ஒரு வைத்தியம். அது இங்க் மாதிரி நீலக் கறுப்பாகிவிட்டது. மறுபடி கண்ணாடிச் சில்லு, மறுபடி உப்புத்தாள். பிறகு பூப்பாறையில் லாரிக்காரர்களிடம் கெஞ்சி வாங்கி வந்த கழிவு ஆயில், மண்ணெண்ணெய் விட்டு இளக்கியது. அதுதான் நான் முதலில் சொன்ன ‘சப்’. நிறம் ஓரளவு நெருங்கி வந்தது, ஆனால் கோடமூட்டத்தில் அது காயவே இல்லை. பக்கத்து அறையில் வைத்திருந்த ஏலக்காயில் வாடை ஏறுகிறது என்று அம்மா கத்தினாள். “ஏனுங்க, பலகை மாத்துனதை மாத்துனேன்னு சொல்றதுக்கு என்னங்க? நல்ல காரியந்தானே பண்ணியிருக்கீங்க?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள். அப்பா தலையைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டே, “உங்கப்பன் முன்னால என்னைப் பொய்யனாக்கோணுமா?” என்றார். நான் அந்த வயதிலேயே நினைத்தேன், எவ்வளவு அழகாக முடிகிற காரியத்தை இந்த மனுஷர் எவ்வளவு பாடுபட்டுக் கெடுக்கிறார் என்று. இவ்வளவுக்கும் சாயம் தொட்டுத் தர முதல் ஆளாகப் போய் உட்கார்வதும் நான்தான், ஏனென்றால் நிறம் சேராவிட்டால் நாங்கள் கீழே போகவேண்டி வரும் என்று நானும் நம்பினேன்.

மழை குறைந்துகொண்டே வந்தது. ஆயிலையும் சுரண்டி எடுத்தாயிற்று. கடைசி முயற்சியாக மறுபடியும் தேயிலையைக் காய்ச்சிப் பூசிவிட்டு, அப்பா சலித்துப்போய்த் தோட்டத்துக்குள் போய்விட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தன் அப்பா வரப்போகிற வீட்டில் தரை வழிக்காமல் இருப்பதா என்று அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஓரம் வைத்த சட்டியை எடுத்தாள். சாணியைக் கரைத்து, பழைய பலகை புதுப்பலகை என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரு வழி வழித்து, அடுப்பங்கரையிலிருந்து நெருப்புச் சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்து உலர்த்தி, அப்புறம் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தாள். தேயிலை ஊறிய பலகையில் சாணி பட்டதும் என்ன நடந்ததோ, எனக்கு ரசாயனம் தெரியாது. மஞ்சள் போய்விட்டது. பச்சை ஓடிய அதே கரும்பழுப்பு. இரண்டு வருஷம் அவள் கையால் வழித்த சாணியும் அல்லவா பழைய பலகைகளின் நிறத்தில் கலந்திருந்தது! அப்பா வந்து குனிந்து பார்த்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார், காய்ந்தும் நிறம் போகவில்லை. அம்மா அடுப்பங்கரையில் போய் அடக்கமாட்டாமல் சிரித்தாள். அடுத்த சில நாட்களில் தேயிலையும் சாணியும் மாறி மாறிப் போட்டு, ஆணித்தலையெல்லாம் கரியால் கறுப்பாக்கி, எது புதிது எது பழையது என்று எனக்கே தெரியாத அளவுக்கு இருவரும் சேர்ந்து முடித்துவிட்டார்கள். அப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்பிச்சி வந்தார். கனத்த உடம்பு, கையில் தடி. ஜீப்பிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, தம்பியின் காலைத் தூக்கித் தழும்பைத் தடவிப் பார்த்தார். காப்பி குடித்தார். பிறகு எழுந்து ஒவ்வொரு பலகையாகத் தடியால் தட்டிக்கொண்டே வந்தார். மூலைக்கு வந்தார். தட்டினார், நின்றார், குனிந்து பார்த்தார், நகர்ந்து போய்விட்டார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

சாப்பிட்டுக் கை கழுவியபிறகு அப்பிச்சி நிதானமாகத்தான் பேசினார். கோபமே இல்லை.

“மாப்பிள்ளை, தப்பா நெனைக்காதீங்க. பையன் எங்க உளுந்தானோ, அதைக் கேக்கலை. தரை பூராவும் ஒரே வயசுப் பலகையா இருக்குதுங்க. சாணி வாசம் வேற. இந்த ஈரத்துல எது எப்ப உடும்னு யாருக்குத் தெரியும்? ஒரு நாலு பலகை புதுசா மாத்தியிருந்தீங்கன்னாக்கூட, செரி, மாப்பிள்ளை ஊட்டைக் கவனிக்கறாருன்னு புள்ளைகளை உட்டுப்போட்டுப் போயிருப்பேன்.”

அப்பாவின் முகத்தை என்னால் இப்போதும் வரைந்து காட்ட முடியும். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். தகப்பன் முன்னால் புருஷனைக் காட்டிக்கொடுக்க அவளால் முடியாது; அவர் வாயிலிருந்துதான் அது வரவேண்டும். வரவில்லை. எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் மூலையில் நின்று, “அப்பிச்சி, இது நாலும் புதுசுதானுங்க” என்றேன்.

அப்பிச்சி சிரித்தார். சாணி வாடை அடிக்கிற அந்தக் கரும்பழுப்பைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? இருந்தாலும் மரியாதைக்கு அப்பாவின் பக்கம் திரும்பி, “ஏனுங்க மாப்பிள்ளை, புதுசுங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க மாமா. சின்னப்புள்ள, தெரியாமச் சொல்லுது.”

அவ்வளவுதான். மறுநாள் காலையில் அம்மாவின் டிரங்குப் பெட்டி ஜீப்பில் ஏறிவிட்டது. சிமெண்டுத் தரை போட்டதும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று பேச்சு. அந்தச் சரிவில் கல்தூண்மேல் சிமெண்டுத் தரை எங்கே போடுவது? வருஷங்கள் போயின. நான் கீழே படித்து, கீழேயே வளர்ந்தேன். அப்பா நோம்பி, பண்டிகைக்கு வருவார், மறுபடியும் பந்தியில் ஆண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். என் சடை கச்சிதமாகப் பின்னியிருக்கும்.

ஒரு கோடை விடுமுறையில் எங்களை மேலே அனுப்பினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குச் சாணி வாடை அடித்தது. அப்பா தனியாக இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் தானே அந்த மூலைக்குத் தேயிலையும் சாணியும் போட்டுக்கொண்டிருந்தார், நிறம் வெளுக்காமல் இருக்க. ஏன் என்று கேட்டேன். “உங்க அப்பிச்சி எப்ப வேணாலும் வரலாமில்ல, கண்ணு” என்றார். எனக்கு அழுவதா அவரைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை. அப்பிச்சி அதற்குப்பிறகு மலையேறவே இல்லை.

இன்று அப்பிச்சி இல்லை, அப்பா இல்லை, அம்மாவும் போய்விட்டாள். தோட்டத்தைத் தம்பி விற்றுவிட்டான். வாங்கியவர்கள் மரவீட்டைப் பிரித்துப்போட்டு, சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்குக் கான்கிரீட்டில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கல்தூண்கூட இல்லை. போன மாதம் நானும் தம்பியும் போனபோது, பழைய மரம் வாங்குகிற பாலக்காட்டுப் பாய் ஒருவர், பலகைகளையெல்லாம் லாரியில் ஏற்ற அடுக்கி வைத்திருந்தார். ஆசாரி சொன்னது சரியாகத்தான் இருந்தது. பலா தானாகவே கறுத்து, மேல்பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் ஒரே நிறம். நானும் தேடிப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை.

“எல்லாம் ஒரே வயசுப் பலகைதாம்மா” என்றார் பாய்.

“இல்லீங்க பாய். இதுல நாலு புதுசு” என்றேன். அவரும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அடுக்கின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு பலகையாகப் புரட்ட ஆரம்பித்தேன். அடியில் எல்லாமே அழுக்கும் கோழிக்கறையும்தான். ஆறேழு புரட்டியபிறகு ஒன்று அகப்பட்டது. உத்திரத்தில் படிந்து வெளிச்சமே படாமல் இருந்த இடத்தில், கையகலத்துக்கு ஒரு பட்டை, இன்னமும் மஞ்சளாகவே இருந்தது. சாயம் ஏறியது மேல்பக்கம் மட்டும்தானே. ஆணியைப் பிடுங்கி ஒரே ஒரு பலகையைப் புரட்டியிருந்தால் போதும். ஒன்பது வயதில் என்னால் அது முடியாது. அப்பாவால் முடிந்திருக்கும்.

பாய் குனிந்து பார்த்தார். “அட, ஆமாம்மா, புதுசுதான்” என்றார். வேறு யாருக்காவது காட்டவேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். தம்பி காரில் ஏறி உட்கார்ந்து, நேரமாகிறது என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.